ஏழு வயதாகியும் இரவில் படுக்கை நனைகிறது: ஏன், என்ன செய்யலாம்?

கேள்வி கேட்ட அம்மா சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான். மகனுக்கு ஏழு வயது. வாரத்தில் நாலைந்து இரவு படுக்கையை நனைத்துவிடுகிறான். சேர்ந்தாற்போல ஒரு மாதம்கூட நனையாமல் இருந்ததில்லை. பகலில் தொந்தரவு எதுவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணியோடு தண்ணீரை நிறுத்திப் பார்த்தாயிற்று, நடுராத்திரி எழுப்பிக் கூட்டிப்போய்ப் பார்த்தாயிற்று, வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள் என்று திட்டியும் பார்த்தாயிற்று. இது சோம்பேறித்தனமா, மனதில் ஏதாவது பயமா, மருந்து இருக்கிறதா, இருந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று கேட்கிறார். குழந்தை மருத்துவராக நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்விதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சோம்பேறித்தனம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். தூங்கிக்கொண்டிருக்கிற குழந்தைக்குத் தன் சிறுநீர்ப்பை நிறைவதும் தெரியாது, காலியாவதும் தெரியாது. துணி ஈரமாகிக் குளிர ஆரம்பித்த பிறகுதான், பல பேருக்கு விடிந்து எழுந்த பிறகுதான், நடந்ததே தெரியும். திட்டுவது, அடிப்பது, தம்பி தங்கை முன்னால் கேலி செய்வது, தண்டனையாக ஈரத்துணியைத் துவைக்க வைப்பது, இவற்றால் ஒரு இரவுகூட உலர்ந்த இரவாக மாறப்போவதில்லை. ஈரமான துணியை ஒளித்து வைக்கவும், ராத்திரி வந்தாலே பயப்படவும்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் இன்று இரவிலிருந்தே திட்டு வேண்டாம். வீட்டில் மற்றவர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டாக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள், சில வீடுகளில் அதற்குத்தான் மதிப்பு இருக்கிறது.

இது எவ்வளவு சகஜம் என்று தெரிந்தால் உங்களுக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். ஐந்து வயதில் 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. ஏழு வயதில் 5 முதல் 10 பேர். அதாவது 30 பேர் இருக்கும் வகுப்பில் உங்கள் மகனைப் போல இன்னும் ஒருவராவது இருப்பார், அந்தப் பிள்ளையின் அம்மாவும் யாரிடமும் சொல்லாமல் இருப்பார். ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒவ்வொரு வருடமும் இவர்களில் 15 சதவீதம் பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமல் தானாகவே நின்றுவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டுத்தான் நிறைய பேர் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்கிறார்கள். பாதி உண்மைதான் அது. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் நனைக்கிற குழந்தைக்கு அது பெரும்பாலும் பலிக்கும். வாரத்தில் பெரும்பாலான இரவுகள் நனைகிற குழந்தைக்குத் தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, அது பெரிய வயது வரை இழுத்துக்கொண்டு போகலாம். பெரியவர்களிலும் 100க்கு ஒருவருக்கு இது இருக்கத்தான் செய்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் காத்திருக்கச் சொல்வேன். ஏழு வயது, வாரம் நாலைந்து நாள், பிள்ளையும் வெட்கப்பட ஆரம்பித்துவிட்டான் என்றால் காத்திருக்கத் தேவையில்லை.

சரி, ஏன் நடக்கிறது? மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கிறது என்பதுதான் இன்று மருத்துவத்தில் ஒத்துக்கொள்ளப்பட்ட விளக்கம். ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த மூன்றின் விகிதம் வேறு வேறாக இருக்கும், வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான் என்பதால் இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று, இரவில் சிறுநீர் அதிகம் உற்பத்தியாவது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்ற ஹார்மோனை விடுகிறது. இரவில் அது கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் நீரை வெளியே விடாமல் உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்யும். நாம் ஏழெட்டு மணி நேரம் எழாமல் தூங்க முடிவது பெரும்பாலும் அதனால்தான். படுக்கை நனைக்கிற பல குழந்தைகளிடம் இந்த இரவு நேரக் கூடுதல் சுரப்பு இல்லை, பகலில் எவ்வளவு சிறுநீர் ஊறுகிறதோ அதே அளவு இரவிலும் ஊறுகிறது. 1980களில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்து ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிய பிறகுதான் "மனசு சம்பந்தப்பட்ட வியாதி" என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது.

இரண்டாவது, சிறுநீர்ப்பை தாங்கும் அளவு. உறுப்பே சின்னதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிறைவதற்கு முன்பே அதன் தசை சுருங்கத் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பகலிலும் சில அடையாளங்கள் தெரியும். அடிக்கடி போவான், வந்தது என்றால் ஓடுவான், காலைப் பின்னிக்கொண்டு நிற்பான், குதிகாலின் மேல் உட்கார்ந்து அடக்குவான். "பகலில் தொந்தரவு இல்லை" என்று நீங்கள் எழுதியிருந்தாலும் ஒரு வாரம் இதைக் கவனித்துப் பாருங்கள், பெற்றோர் இதைப் பழக்கமாகவே எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது உண்டு.

மூன்றாவது, விழிப்பு வராதது. சிறுநீர்ப்பை நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போகிறது, ஆனால் அது பிள்ளையை எழுப்பும் அளவுக்கு எட்டுவதில்லை. "இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்று பெற்றோர் சொல்வது இதைத்தான். இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும். இந்தக் குழந்தைகளின் தூக்கத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தால், அவர்கள் நன்றாகத் தூங்குகிறவர்களாக இல்லை. இரவெல்லாம் சிறுநீர்ப்பையின் தொந்தரவால் தூக்கம் துண்டு துண்டாகிறது, ஆனால் முழு விழிப்பு மட்டும் வருவதில்லை. பகலில் எரிச்சல், கவனக்குறைவு என்று சொல்லப்படுவதில் கொஞ்சம் இந்தக் கெட்ட தூக்கத்தால் வருவதுதான்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் குடும்பத்திலிருந்து. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 100க்கு 40க்கு மேல் வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் 75க்கு மேல். 1995இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஐபெர்க் குழுவினர் 13ஆவது குரோமோசோமில் இதற்குத் தொடர்புள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள், அப்புறம் வேறு சில குரோமோசோம்களிலும் தெரியவந்தது. உங்கள் கணவரிடம் ஒரு தடவை கேளுங்கள், அவருடைய அம்மாவிடமும் கேளுங்கள். "எனக்கும் பத்து வயது வரைக்கும் இருந்ததுடா" என்று அப்பா சொல்லி ஒரு பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், எந்த மருந்தாலும் அந்த நிம்மதியைத் தர முடியாது.

இப்போது நான் அதிகம் வலியுறுத்த நினைக்கும் விஷயம்: மலச்சிக்கல். சிறுநீருக்காக வந்தவரிடம் மலத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று பெற்றோர் விழிப்பார்கள். மலக்குடலின் கடைசிப் பகுதி சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அங்கே கெட்டியான மலம் நாள்கணக்கில் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும், அதன் கொள்ளளவைக் குறைக்கும், இரண்டுக்கும் நரம்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சிறுநீர்ப்பைத் தசையை வேண்டாத நேரத்தில் சுருங்கவும் வைக்கும். "அவன் தினமும் போகிறானே" என்பது பதில் ஆகாது. தினமும் கொஞ்சம் போய்விட்டு மீதியை உள்ளே வைத்திருக்கிற குழந்தைகள் ஏராளம். மலம் உருண்டை உருண்டையாகவோ, ரொம்பப் பெரிதாகக் கழிவறை அடைக்கிற மாதிரியோ இருக்கிறதா, உள்ளாடையில் மலக்கறை படிகிறதா, அடிக்கடி வயிறு வலி என்கிறானா என்று பாருங்கள். இருந்தால் முதல் வைத்தியம் இதற்குத்தான். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ லாக்டுலோஸ் சிரப்போ மருத்துவர் எழுதித் தருவார். நாலு நாள் கொடுத்துவிட்டு நிறுத்துவதற்கான மருந்து கிடையாது, விரிந்துபோன குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கூடவே சாப்பிட்டு முடித்த பிறகு ஐந்து பத்து நிமிடம் கழிவறையில் நிதானமாக உட்காரும் பழக்கம் வேண்டும், மேற்கத்திய கழிவறை என்றால் கால் தொங்காமல் ஒரு முக்காலி வைக்க வேண்டும். இதை மட்டும் சரிசெய்து வேறொன்றும் செய்யாமலே படுக்கை நனைவது நின்றுபோன குழந்தைகள் உண்டு. இதைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த மருந்தைக் கொடுத்துப் பலனில்லை என்று திரும்பி வருகிறவர்கள் அதைவிட அதிகம்.

இன்னொன்று குறட்டை. வாயைத் திறந்துகொண்டு, தினமும் சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையில் உள்ள டான்சிலும் பெரிதாகி மூச்சுப்பாதையை அடைக்கலாம். அந்த அடைப்பால் இரவில் சிறுநீர் அதிகமாக ஊறும். அறுவை சிகிச்சையில் அவற்றை அகற்றிய பிறகு, படுக்கை நனைக்கும் பழக்கம் இருந்த குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு அது நின்றுவிடுகிறது. படுக்கை நனைவதற்காக மட்டும் யாரும் டான்சிலை எடுக்க வேண்டாம், குறட்டை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயம், மனக்கவலை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மகனைப் போலப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து வருவதற்கு மனது காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் அது தலைகீழாக நடக்கிறது, நனைவதால்தான் மனது வாடுகிறது. ஆனால் ஆறு மாதமாவது முழுதாக உலர்ந்த இரவுகள் இருந்து, அதன் பிறகு திடீரென்று மறுபடி நனைய ஆரம்பித்தால் கணக்கு வேறு. தம்பி தங்கை பிறந்தது, வீட்டில் சண்டை, அப்பா அம்மா பிரிவு, ஒரு சாவு, பள்ளி மாறியது, பள்ளியில் யாராவது கொடுமைப்படுத்துவது, எதுவாகவும் இருக்கலாம். அரிதாக, யாரோ ஒருவர் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் அப்படித் திடீரென்று தொடங்கினால் குழந்தையைத் தனியாக, அவசரப்படுத்தாமல் பேசவிடுங்கள். கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள குழந்தைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது, அவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக நனைய ஆரம்பித்து, கூடவே தாகம் அடங்காமல் தண்ணீர் குடிக்கிறான், உடல் மெலிகிறது என்றால் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள், குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு இப்படித்தான் தலைகாட்டும், ஒரு நாள் தாமதம்கூட ஆபத்தாகலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், சிவப்பாகப் போவது என்றால் தொற்றோ வேறு கோளாறோ இருக்கலாம். ஆண் பிள்ளைக்குச் சிறுநீர் மெலிந்து சொட்டுச் சொட்டாக வருவது, முக்கிக் கழிப்பது. பெண் குழந்தைக்கு இரவு பகல் எந்நேரமும் கசிந்துகொண்டே இருப்பது. முதுகின் அடியில் குழியோ முடிக்கொத்தோ இருப்பது, நடையில் மாற்றம். இவை உறுப்பமைப்பிலோ தண்டுவடத்திலோ உள்ள குறையைக் காட்டலாம். இவை எதுவும் இல்லாவிட்டால் பெரிய பரிசோதனை தேவைப்படாது. மருத்துவர் வயிற்றையும் முதுகையும் பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், ஒரு சாதாரண யூரின் டெஸ்ட் எடுப்பார். இரவில் மட்டும் நனைகிற, மற்றபடி நலமாக உள்ள குழந்தைக்கு ஸ்கேனோ சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயோ வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக, மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். நாலு டெஸ்ட்டைவிட அது அதிகம் சொல்லும். விடுமுறை நாள் இரண்டில், பகலில் அவன் ஒவ்வொரு முறை போகும்போதும் அளவுக் குவளையில் பிடித்து எழுதுங்கள், என்ன குடித்தான் என்பதையும். அவன் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதில் சிறுநீர்ப்பை தாங்க வேண்டிய அளவு வரும். ஏழு வயதுக்கு 240 மி.லி. காலையில் எழுந்ததும் போவதை விட்டுவிட்டு, மற்றவற்றில் அதிகபட்ச அளவே 150ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்றால் கொள்ளளவு குறைவு. அப்புறம் ஒரு வாரம் இரவில் டயப்பர் போட்டு, காலையில் அதை எடை போட்டு, காய்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமை ஒரு மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு எழுந்ததும் போகும் சிறுநீரையும் கூட்டினால் இரவு உற்பத்தி தெரியும். ஏழு வயதில் அது 310 மி.லி.க்கு மேல் பல இரவுகளில் வந்தால் இரவு உற்பத்தி அதிகம் என்று அர்த்தம். இந்த இரண்டு எண்களைக் கொண்டுபோனால் எந்த வைத்தியம் உங்கள் மகனுக்குப் பொருந்தும் என்பதில் பாதி அப்போதே தெளிவாகிவிடும்.

நீங்கள் ஆறு மணியோடு தண்ணீரை நிறுத்தியது இயல்பாகத் தோன்றுகிற காரியம்தான், ஆனால் பகலில் அவன் எவ்வளவு குடிக்கிறான் என்று பார்த்தீர்களா? பள்ளிக்குக் கொடுத்துவிட்ட பாட்டில் அப்படியே திரும்பி வரும், வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் மடமடவென்று குடிப்பான். பள்ளியில் கழிவறை சுத்தமாக இல்லை என்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வருகிறவர்களும் நிறைய. இதை மாற்றுவதுதான் அஸ்திவாரம். நாலு முதல் எட்டு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டரிலிருந்து 1.4 லிட்டர் வரை திரவம் வேண்டும். அதில் பெரும்பகுதி காலையிலும் மதியமும் போய்விட வேண்டும், சாயங்காலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். பகலில் நன்றாகக் குடித்த பிள்ளைக்கு இரவில் தானாகவே தாகம் குறையும், பிடுங்கி வைக்க வேண்டியிருக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, வருகிறதோ இல்லையோ, போய்வர வேண்டும், பள்ளியிலும் ஆசிரியரிடம் சொல்லி அனுமதி வாங்கி வையுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு தடவை, கதை சொல்லி முடித்து விளக்கை அணைக்கும் முன் இன்னொரு தடவை. காபி, டீ, கோலா சாயங்காலத்தில் வேண்டாம்.

பரிசு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். உலர்ந்த இரவுக்குப் பரிசு கொடுக்காதீர்கள், அது அவன் கையில் இல்லை. நனைந்த இரவில் பரிசு இல்லை என்பதே தண்டனையாகிவிடும். பாட்டிலைக் காலி செய்ததற்கு, படுக்கும் முன் ஞாபகமாகப் போனதற்கு, காலையில் விரிப்பை எடுத்துப் போட உதவியதற்குக் கொடுங்கள். மெத்தைக்கு நீர் புகாத உறை ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், உங்களுடைய கோபத்தில் பாதி மெத்தையைப் பற்றியதுதான்.

நடுராத்திரி தூக்கத்தோடு தூக்கமாகத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வைப்பதால் அன்றைய விரிப்பு தப்பிக்கும், அவ்வளவுதான். பாதித் தூக்கத்தில் போகிற பிள்ளைக்கு அது எந்தப் பயிற்சியும் ஆவதில்லை. விருந்தினர் வந்திருக்கும் நாளில் செய்யலாம், வைத்தியம் என்று நினைத்து மாதக்கணக்கில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் ஒன்றிரண்டு மாதம் செய்தும் மாற்றம் போதவில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது: அலாரம், மாத்திரை.

அலாரம் என்றால் நேரம் வைத்து அடிக்கிற கடிகாரம் இல்லை. உள்ளாடையிலோ விரிப்பின் கீழோ ஈரத்தை உணரும் சென்சார் ஒன்று இருக்கும், முதல் சொட்டு பட்டவுடன் சத்தம் போடும். ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஃபவுண்ட்லர் 1900களின் தொடக்கத்தில், எந்தக் குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று செவிலியருக்குத் தெரிவதற்காக இப்படி ஒரு மணியை அமைத்தார், அதில் குழந்தைகள் நனைப்பதே குறைவதைக் கவனித்தார். 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதி இதையே ஒரு சிகிச்சை முறையாக ஆக்கினார்கள். இன்றைக்கும் நீடித்த பலன் தருவதில் இதை மிஞ்சியது இல்லை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு குழந்தைகள் உலர்ந்த இரவுகளை அடைகிறார்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நிறுத்திய பிறகும் அது நிலைக்கிறது.

ஆனால் "ஒழுங்காக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரம்பத்தில் அலாரம் அடித்தால் வீட்டில் எல்லோரும் எழுவார்கள், அவன் மட்டும் எழ மாட்டான். அதனால் பெரியவர் ஒருவர் அதே அறையில் படுக்க வேண்டும். அடித்ததும் அவனை முழுமையாக எழுப்பி, அவன் கையாலேயே அணைக்கச் செய்து, நடந்து போய் மீதியைக் கழித்துவிட்டு வந்து, துணி மாற்றி, மறுபடி பொருத்திவிட்டுப் படுக்க வேண்டும். ஒவ்வொரு இரவும், ஒரு இரவு விடாமல், இரண்டு மூன்று மாதம். முதல் மாதத்தில் முழு உலர்வை எதிர்பார்க்காதீர்கள். ஈரத்தின் வட்டம் சின்னதாவது, அலாரம் முன்பைவிடத் தாமதமாக அடிப்பது, சத்தத்துக்கு அவனே கண் விழிப்பது, இவைதான் நல்ல அறிகுறிகள். தொடர்ந்து 14 இரவு உலர்ந்தால் வெற்றி. கடைசியில் பெரும்பாலான பிள்ளைகள் இரவில் எழுந்து போவதில்லை, விடியும் வரை தாங்கித் தூங்குகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். நிறுத்தும் முன் கொஞ்ச நாள் படுக்கும் நேரத்தில் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்து அதையும் தாங்கப் பழக்கினால் திரும்ப வருவது குறையும். திரும்ப வந்தாலும் மறுபடி அலாரம் போடலாம், பலரிடம் இரண்டாம் முறையும் பலன் கிடைக்கிறது.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. கைக்குழந்தை இருக்கிறது, அப்பாவுக்கு இரவு வேலை, எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறார்கள், அம்மா ஏற்கெனவே களைத்துப் பொறுமை இழந்துவிட்டார் என்றால் அலாரத்தை வற்புறுத்த மாட்டேன். பாதியில் விட்ட அலாரம் பிள்ளைக்கு இன்னொரு தோல்வியாகத்தான் மிஞ்சும்.

மாத்திரையின் பெயர் டெஸ்மோபிரசின். முன்னால் சொன்ன வாசோபிரசினைப் போலவே செயல்படுகிற, செயற்கையாகத் தயாரித்த மருந்து. இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும். நோட்டில் இரவு உற்பத்தி அதிகம், கொள்ளளவு சரியாக இருக்கிறது என்று வந்த பிள்ளைக்கு இது நன்றாகப் பொருந்தும். பொதுவாக 0.2 மி.கி. மாத்திரையில் தொடங்கி, தேவைப்பட்டால் 0.4 வரை மருத்துவர் கூட்டுவார். நாக்கின் கீழ் கரைவதும் இருக்கிறது, அதன் அளவு வேறு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு முழுப் பலன், இன்னும் 40 சதவீதம் பேருக்கு ஓரளவு. அலாரம் மாதிரி காத்திருக்க வேண்டாம், சில நாட்களிலேயே தெரிந்துவிடும். ஆனால் நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதும், முடிக்கும்போது திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பதும் வழக்கம். பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று வெளியே தங்க வேண்டிய சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு, அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னாலேயே வீட்டில் கொடுத்து எந்த அளவு பலிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இது சிறுநீரகத்தைக் கெடுக்காது, பழக்க அடிமையாக்காது. இதில் உள்ள உண்மையான ஆபத்து தண்ணீர்தான். மருந்து உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும் நேரத்தில் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து அடுத்த எட்டு மணி நேரம் வரை ஒரு சின்ன டம்ளருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கிற இரவுகளில் மாத்திரையே வேண்டாம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வடிவத்தை இந்தப் பிரச்சினைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் எச்சரித்ததும் இந்தச் சோடியம் காரணமாகத்தான், மூக்கு வழியாகப் போகும்போது அளவு தாறுமாறாக ஏறிவிடும். யாராவது பழைய ஸ்பிரேயைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மற்ற மருந்துகள் சுருக்கமாக. சிறுநீர்ப்பைத் தசை அவசரப்பட்டுச் சுருங்குகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் ஆக்ஸிபியூட்டினின் போன்றவற்றை மருத்துவர் சேர்ப்பார், அது மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் அதைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இமிப்ரமின் 1960களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் பழைய மருந்து, பலனும் உண்டு, ஆனால் அளவு மீறினால் இதயத் துடிப்பைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அதைப் பூட்டி வைக்க வேண்டும், மற்றது எதுவும் பலிக்காதபோது நிபுணர் கண்காணிப்பில் மட்டும்தான்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் செய்வது இந்த வரிசையில் இருக்கும். இந்த வாரமே நோட்டு. யூரின் டெஸ்ட். மலச்சிக்கல் இருந்தால் அதற்கு மருந்து, கூடவே பகல் தண்ணீரும் நேரப்படி கழிவறையும் இரண்டு மாதம். அதன் பிறகு, வீட்டில் யாராவது இரவில் அவனோடு எழ முடியும் என்றால் அலாரம். முடியாது என்றால், அல்லது இரவு உற்பத்தி அதிகம் என்று நோட்டு சொன்னால், டெஸ்மோபிரசின். எதைத் தொடங்குவது என்று அவனையும் கேளுங்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் சொல்ல இருக்கும், அவன் சம்மதித்துத் தொடங்கியது நீடிக்கும். ஒன்று பலிக்காவிட்டால் மற்றதற்கு மாறலாம், இரண்டையும் சேர்த்தும் கொடுக்கலாம். இரண்டும் பலிக்கவில்லை என்றால் புது மருந்து தேடும் முன் மலச்சிக்கலையும் குறட்டையையும் பகல் அறிகுறிகளையும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போயிருக்கும். அப்படியும் தெளியவில்லை என்றால் குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவரிடமோ சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவரிடமோ அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.